பாவ நீக்கத் தீர்மானம்

ஆதாம் காலந்தொட்டு மனித குலத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த பாவமானது, திருவனந்தபுரம் மாநகரில், சென்ற மலையாள இடவ மாதத்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு இருபதுக்கு, ஐந்துக்கு ஒன்று என்ற வாக்கு வித்தியாசத்தில் நீக்கப்பட்டது. கமிட்டியில் ஏழு பேர். ஆறு பேர் வாக்களித்தார்கள். ஏழாமவர் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி வாங்கப் போயிருந்தார். இந்த மகத்தான செய்தி மறுநாள் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. நம் பத்திரிகைகளின் யோக்கியதை அவ்வளவுதான்.

பாவத்தோடு மல்லுக்கட்டியவர்கள் உலகத்தில் ஏராளம். சிலர் வனாந்தரத்துக்குப் போய்ப் பட்டினி கிடந்தார்கள். சிலர் சாட்டையை எடுத்துத் தங்கள் முதுகிலேயே போட்டுக்கொண்டார்கள். ஒரு கூட்டம் போட்டு, அஜெண்டா அடித்து, மினிட்ஸ் எழுதி, கையெழுத்து வாங்கி விஷயத்தை முடித்துவிடலாமே என்று அவர்களில் ஒருவருக்காவது தோன்றியதா? தோன்றவில்லை. அது தோன்றுவதற்கு சபைச் செயலாளர் திரு. பிரபின் அவர்கள் பிறந்து வர வேண்டியிருந்தது.

பிரபின் கழக்கூட்டத்தில், கண்ணாடிச் சுவரும் காப்பி மிஷினும் உள்ள ஒரு மென்பொருள் கம்பெனியில் 'மக்கள் மற்றும் பண்பாட்டு'த் தலைவர். அந்தக் காலத்தில் இந்த உத்தியோகத்துக்கு 'ஆள் எடுக்கிறவர்' என்று பெயர். இப்போது ஆள் எடுப்பது நின்றுபோனதால், மக்களை வெளியே அனுப்பிவிட்டுப் பண்பாட்டை மட்டும் உள்ளே வைத்துப் பாதுகாப்பது அவர் வேலை.

அவருடைய வாழ்நாள் சாதனை இரண்டே சொற்கள்: 'வளர்ச்சி வாய்ப்பு'. அவர் கம்பெனியில் யாரும் தப்பு செய்வதில்லை. வேலையில் ஓட்டை விழுந்தால் அது ஒரு வளர்ச்சி வாய்ப்பு. ஒருவர் கணக்கில் நாலைந்து வாய்ப்புகள் சேர்ந்துவிட்டால், வெளியுலகில் இதைவிடப் பெரிய வளர்ச்சி வாய்ப்பு காத்திருப்பதாக வாழ்த்தி, கழுத்திலிருக்கும் அட்டையைக் கழற்றிக்கொண்டு, கையில் ஒரு பூந்தொட்டியைக் கொடுத்து வாசல் கேட்டுவரை கொண்டுவிடுவார்கள். பூந்தொட்டி பிரபினின் யோசனை. அதற்காக அவருக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

இப்பேர்ப்பட்டவர் செயலாளராகக் கிடைக்க அந்தச் சபை புண்ணியம் செய்திருக்க வேண்டும். ஸ்ரீகாரியம் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சபை. பெயர் வேண்டாம், பெயரைப் போட்டால் யார் பெயரை விட்டாய் என்று சண்டைக்கு வருவார்கள். பாறசாலை, களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிப்போன குடும்பங்கள். பெரியவர்கள் தமிழில் ஜெபிப்பார்கள், பிள்ளைகள் மலையாளத்தில் கொட்டாவி விடுவார்கள்.

பாவத்தின் மேல் முதல் கல்லை எறிந்தவள் ஷாலு. அவள் வாலிபர் பிரதிநிதி, பாட்டுக் குழுவிலும் உண்டு. தன்னோடு வேலை பார்க்கும் மலையாளிப் பெண்ணொருத்தியை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கூட்டி வந்திருக்கிறாள். சபை முழுவதும் எழுந்து நின்று, தலை குனிந்து, பாவ அறிக்கை சொன்னதைப் பார்த்து அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்ததும் ஷாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை பேரும் ஒரே குரலில் 'பாவம், பாவம்' என்று முறையிடுகிறீர்களே, உங்களை இந்தப் பாடுபடுத்துகிறவன் யார், சொன்னால் ஒரு புகார் கொடுத்துவிடலாம் என்றாளாம்.

விஷயம் இதுதான். தமிழில் பாவம் என்றால் பாவம். மலையாளத்தில் பாவம் என்றால் சாது, அப்பாவி, ஒரு ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத ஆத்மா. தமிழன் செய்யும் பாவத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'பாபம்'. அதனால் நம் சபை வாரம் தவறாமல் எழுந்து நின்று கடவுளிடம், நாங்கள் அப்பாவிகள், எங்கள் அப்பாவித்தனத்தை மன்னியும் என்று கெஞ்சுவதாக ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சபையில் பாதிப் பேரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஷாலு கேட்டது சின்ன உதவி. அச்சடித்த தாளில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டால் போதும் என்றாள். ஆனால் பெரிய மனிதர்கள் சின்ன உதவி செய்வதில்லை. பிரபின் எழுந்தார். லேப்டாப்பைத் திறந்தார். பதினெட்டு ஸ்லைடு காட்டினார்.

ஒரு மனிதனை வாரத்துக்கு ஒருமுறை 'பாவி' என்று சொல்வது மனநலத்துக்குக் கேடு என்பது முதல் ஸ்லைடு. வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு முறை சொல்வது அதைவிடக் கேடு என்பது இரண்டாவது. நவீன மனிதனுக்குத் தேவை குற்ற உணர்ச்சியல்ல, ஊக்கம் என்பது மூன்றாவது. மற்ற பதினைந்தும் சூரிய உதயப் படங்கள். கடைசியில் பரிந்துரை வந்தது: இனிமேல் 'பாவம்' என்று வரும் இடத்திலெல்லாம் 'வளர்ச்சி வாய்ப்பு'. 'பாவ அறிக்கை' இனி 'வளர்ச்சி வாய்ப்பு அறிக்கை'. காலாண்டுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும்.

தலைவர் நாற்காலியில் போதகர் ராஜையன் இருந்தார். தங்கமான மனிதர். மூன்று மாதத்தில் மாறுதல் வரவிருந்ததால் உலகத்தில் எல்லோரோடும் சமாதானமாக இருந்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"அல்ல பிரபின், கர்த்தர்கிட்ட ஒரு வாக்கு கேக்காண்டாமா?"

"கேட்டாச்சு ஐயா. போன ஞாயித்துக்கிழமை முடிவு ஜெபத்துல விஷயத்தை முன்வெச்சோம். ஏழு நாளு டைம் குடுத்தோம். எதிர்ப்பு ஒண்ணும் வரல்ல."

எதிர்ப்பு வராததால் சம்மதமாகக் கருதப்பட்டது என்று மினிட்ஸில் ஏறியது.

எதிர்த்து விழுந்த ஒரே வாக்கு சுசீலாபாயுடையது. முப்பத்திரண்டு வருஷம் தலைமைச் செயலகத்தில் ஃபைல்களோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்ற அம்மாள். பாவத்தின்மேல் அவருக்குத் தனிப்பட்ட பாசம் எதுவுமில்லை. கூட்டத்துக்குப் பதினாலு நாள் முன்னறிவிப்பு கொடுக்கவில்லை, ஆகையால் எதிர்க்கிறேன் என்றார். தோற்றதும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தோற்றவர் என்ற முறையில் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆர்டர்னா ஆர்டர் மக்களே. ஒரு எடத்துல மாத்தி இன்னொரு எடத்துல விட்டா, பின்ன வாறவங்க பிழை பிடிப்பாங்க. பாட்டு, ஜெபம், வேதாகமம் எல்லாத்துலயும் ஒரேபோல மாத்தணும்."

வேதாகமத்திலுமா என்று போதகர் இழுத்தார். பிரஸ் வேதாகமத்தை மாற்றி அடிக்காது, ஆனால் மேடையில் வைத்து வாசிக்கிற பெரிய வேதாகமத்தில் அந்தச் சொல் வரும் இடமெல்லாம் துண்டுத் தாள் ஒட்டலாமே என்றார் அம்மாள். செயலகத்தில் சட்டங்களையே அப்படித்தான் திருத்தினார்களாம். மற்றவர்கள் எல்லாரும் ஃபோனில்தான் வாசிக்கிறார்கள், ஆகையால் ஒரு புத்தகம் போதும். பிரபின் இதை ஆனந்தமாக ஏற்றுக்கொண்டார். அப்போது பழம்பொரி வந்துவிட்டது.

இவ்வளவு பெரிய ஞானம் பிரபினுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். வெபினாரில் வந்தது என்று அவர் சொல்லிக்கொள்வார். உண்மையில் அது மூன்றாவது பெஞ்சிலிருந்து வந்தது. மூன்றாவது பெஞ்சில் ஷிபு உட்காருவான்.

ஷிபுவுக்கு வயது இருபத்தொன்பது. பாறசாலைக்காரன். பிரபினின் கம்பெனியில் ஐந்து வருஷம் வேலை பார்த்தான். போன வருஷம் மேலிடத்திலிருந்து பன்னிரண்டு பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்று வந்தது, 'வளர்ச்சி வாய்ப்பு' வழங்குவதற்காக. அதில் ஒன்பதாவது பெயர் 'ஷிபு ஆர்.' பிரபின் பதிவேட்டைத் திறந்தார். அதில் ஒரு 'ஷிபு ஆர்.' இருந்தது, ஒரு 'ஆர். ஷிபு'வும் இருந்தது.

மலையாளி இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் போடுவான். தமிழன் முன்னால் போடுவான். தமிழ் வீட்டில் பிறந்து மலையாளப் பள்ளியில் படித்த பிரபினுக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் பெயரையே ஆதாரில் ஒருவிதமாகவும் பாஸ்போர்ட்டில் ஒருவிதமாகவும் போட்டிருந்தார்கள். ஒரே ஆளை யாரோ இரண்டு தரம் ஏற்றியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தார். நம்ம சபைப் பையனாயிற்றே என்று வருத்தப்பட்டார். வருத்தப்பட்டாலும் நடைமுறை நடைமுறை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஷிபுவைக் கூப்பிட்டுப் பூந்தொட்டியைக் கொடுத்தார். கடிதத்தில் காரணம் 'பணித்திறன் போதாமை' என்றிருந்தது.

ஒன்பதாம் நாள் கொல்லத்திலிருந்து ஒரு தாடிக்காரன் வந்தான். ஐந்து மாதமாக அலுவலகத்தை எட்டிப் பார்க்காதவன். கேட்டில் தன் அட்டை வேலை செய்யவில்லை, புதுப்பித்துத் தர வேண்டும் என்றான். பெயர் என்ன என்று கேட்டார் பிரபின். ஷிபு ஆர். என்றான்.

பிரபின் பதிவேட்டை மறுபடி திறந்து பார்த்தார்: இரண்டு ஷிபு, இரண்டு ஆள். உண்மையைச் சொன்னால் ஷிபு திரும்பி வந்துவிடுவான். ஆனால் அந்த வருஷம் அவருக்குக் கம்பெனியின் துணைத் தலைவர் பதவி வரவிருந்தது, 'பிழையற்ற நடைமுறை'க்காக. பிழையற்ற நடைமுறையில் எப்படிப் பிழை வரும்? அவர் தாடிக்காரனுக்குப் புது அட்டை கொடுத்தார். கோப்பை மூடினார். அன்றைக்கு மத்தியானம் காப்பி மட்டும் குடித்தார்.

அதோடு முடிந்திருக்கும், ஷிபு நல்லவனாக இல்லாமல் இருந்திருந்தால். ஷிபு ஒருநாளும் கோபப்படவில்லை. ஏழு கம்பெனிக்குப் போனான். ஏழு பேரும் அந்தக் கடிதத்தைப் பார்த்து, பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். கல்யாணம் பேசியிருந்த இடத்தில், நிற்கட்டும் என்றார்கள். விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்கு டயர் மாற்றும் மாமாவின் கடையில் போய் நின்றான். பூந்தொட்டிச் செடியைக் கடை வாசலில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினான். அந்தச் செடி மட்டும் மதமதவென்று வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசல்படியில் பிரபினுக்காகக் காத்து நிற்பான்.

"அண்ணா, எனக்க கையில என்ன பிழைன்னு ஒரு வாக்கு சொன்னியள்னா திருத்திக்கிடுவேன்."

"உனக்கு நல்ல பொட்டன்ஷியல் உண்டு ஷிபு" என்று தோளில் தட்டிவிட்டுக் காருக்குப் போவார் பிரபின். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே கேள்வி, அதே தட்டு. மற்றவர்களெல்லாம் பாவ அறிக்கையைச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டைத் தேடும்போது, அவருக்கு மட்டும் மூன்றாவது பெஞ்ச் தெரிந்தது. ஒரு சாமானிய மனிதன் இந்த இடத்தில் ஷிபுவிடம் போய் உண்மையைச் சொல்லியிருப்பான். பிரபின் சாமானியர் அல்ல. அவர் அந்தச் சொல்லையே நீக்கினார்.

துண்டுத் தாள் ஒட்டும் வேலையை யாரிடம் கொடுப்பது என்று யோசித்தபோது, கடையில் மத்தியானத்துக்குமேல் ஷிபுவுக்கு வேலை குறைவுதானே, கையெழுத்தும் அழகு, அவனே செய்யட்டும் என்றது கமிட்டி. வேண்டாம் என்று சொல்லப் பிரபினுக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஷிபு இரண்டு வாரம் சபைக் கோயிலில் உட்கார்ந்து, மைதா பசை காய்ச்சி, ஒவ்வொரு பாவமாகத் தேடித் தேடி மூடினான். கடைப் பசை வாங்கலாமே என்றதற்கு, செயலகத்தில் மைதாதான், முப்பது வருஷம் நிற்கும் என்று சுசீலாபாய் சொல்லிவிட்டார். வேலை முடிந்ததும் ஷிபு பிரபினிடம் வந்து காட்டினான்.

"எல்லாம் ரெண்டு வாட்டி பாத்துதான் ஒட்டியது அண்ணா. இதுல பிழை வராது."

'ஷிபு ஒரு பாவமாக்கும்' என்று சபையில் எல்லாரும் சொன்னார்கள். நீக்கப்பட்ட சொல்லாயிற்றே, பயன்படுத்தலாமா என்று யாரும் கேட்கவில்லை.

புதிய ஏற்பாடு அமோக வெற்றி. முதல் வாரம் ஷாலு வாசித்தாள். வளர்ச்சி வாய்ப்பின் சம்பளம் மரணம் என்று வந்தது. கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வேதாகமம் தங்கள் வாழ்க்கையை இவ்வளவு நெருக்கமாக அறிந்திருக்கும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேர் அந்த வசனத்தை ஸ்டேட்டஸில் போட்டார்கள்.

அடுத்த வாரம் போதகர் வாசித்தார். உலகத்தின் வளர்ச்சி வாய்ப்பையெல்லாம் சுமந்து தீர்க்கிற ஆட்டுக்குட்டி இதோ என்று வந்தது. பின் பெஞ்சிலிருந்து ஒருவர், அது நம்ம பிரபின் அல்லே என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அன்றைக்குப் பார்த்து மழை விட்டிருந்தது, எல்லாருக்கும் கேட்டுவிட்டது. பிரபின் பெருந்தன்மையோடு சிரித்தார். அதற்கடுத்த வாரம் வாசித்த சங்கீதப் பகுதியில், என் வளர்ச்சி வாய்ப்பு எப்போதும் என் கண்முன் நிற்கிறது என்று வந்தபோது அவர் சிரிக்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் அது வாசல்படியில் குடையோடு நின்றுகொண்டிருந்தது.

ஷிபுவுக்கு வேலை போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஷிபு அன்று வேறொரு செய்தியும் சொன்னான். மாமா கடையிலேயே நிரந்தரமாக நின்றுவிடப் போகிறானாம். கம்ப்யூட்டர் வேலைக்கு நான் லாயக்கில்லைன்னு எனக்கே இப்போ தெரியுது அண்ணா, வெறுதே உங்களை ஞாயித்துக்கிழமை தோறும் சல்லியப்படுத்தினேன், இனி கேக்கமாட்டேன் என்றான். பிரபினுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். பதினோரு மாதம் அவர் வேண்டிக்கொண்டது அதைத்தானே. வரவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பாமல் பத்து நிமிஷம் வைப்பரை மட்டும் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையாளத்து ஆடியான கர்க்கடகம் பிறந்தது. மழை என்றால் அப்படி ஒரு மழை. கோயில் சுவரெல்லாம் ஈரம் பூத்தது, பெஞ்சில் பூஞ்சை பூத்தது, செயலகத்தில் முப்பது வருஷம் நிற்கும் மைதா பசை இங்கே நெகிழ்ந்தது. செயலகத்தில் ஃபைலை யாரும் திறப்பதில்லை என்ற ரகசியத்தை அம்மாள் சொல்ல மறந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு முறை பிரபினுடையது. அட்டவணையை அவரே போட்டிருந்தார், பகுதி என்ன என்று பார்த்துப் போடவில்லை. மேடையேறி, மைக்கைச் சரி செய்து, கணீரென்று ஆரம்பித்தார். நல்ல குரல், கம்பெனியில் அந்தக் குரலில் செய்தி கேட்டவர்கள் வெளியே வந்த பிறகுதான் தங்களுக்கு வேலை போய்விட்டது என்பதை உணர்வார்களாம்.

தாவீது ராஜாவிடம் தீர்க்கதரிசி வந்து ஒரு கதை சொல்கிற இடம். ஒரு ஊரில் ஒரு பணக்காரன், அவனுக்கு மந்தை மந்தையாக ஆடு. அதே ஊரில் ஒரு ஏழை, அவனுக்கு ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. அது அவன் தட்டில் தின்று அவன் மடியில் தூங்கும். பணக்காரன் வீட்டுக்கு விருந்தாளி வந்தான். பணக்காரன் தன் மந்தையில் கை வைக்க மனமில்லாமல், ஏழையின் குட்டியைப் பிடித்து அடித்துச் சமைத்தான். ராஜாவுக்குக் கோபம் பொங்கியது. யாரவன், அவனை விடக் கூடாது என்றான். பிரபினும் அந்தக் கோபத்தை நன்றாகக் குரலில் கொண்டு வந்தார். அப்படிப்பட்ட அக்கிரமக்காரர்கள்மேல் அவருக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

அடுத்த வரியில் தீர்க்கதரிசி ராஜாவைப் பார்த்து, அந்த ஆள் நீர்தான் என்றான்.

வாசிக்கிறவர் பத்திக்கு ஒருமுறை நிமிர்ந்து சபையைப் பார்க்க வேண்டும் என்று பிரபினே ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது பெஞ்சில் ஷிபு கையைக் கட்டிக்கொண்டு, பாவம், அடுத்தது என்ன வரும் என்று கதை கேட்டுக்கொண்டிருந்தான்.

பிரபின் சட்டென்று குனிந்தார். அடுத்தது ராஜாவின் பதில். நான் கர்த்தருக்கு விரோதமாக என்று தொடங்கும். அதற்குப் பிறகு வரவேண்டிய 'வளர்ச்சி வாய்ப்பு' ஒரு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. மேடைப் பக்கத்து ஃபேன் இந்தப் பக்கம் திரும்பியது. துண்டுத் தாள் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, சுசீலாபாயின் காலடியில் போய் விழுந்தது. அடியிலிருந்த பழைய சொல், மைதா கறையோடு, கொட்டை எழுத்தில் அவரைப் பார்த்தது. ஏழு நாளில் வரவேண்டிய எதிர்ப்பு ஒன்பதாவது வாரம் வந்து சேர்ந்திருந்தது.

"நான்" என்றார் பிரபின். நிறுத்தினார். மைக்கில் மழைச் சத்தம் கேட்டது. "நான்... பாவம்..."

செய்தேன் என்ற வினைச்சொல் வந்து சேரவில்லை. இரண்டு மாதமாக அந்தச் சொல்லைக் கேட்காத சபை, மலையாளக் காதோடு கேட்டது. துணைத் தலைவர் பதவியில் இருக்கும் ஒரு பெரிய மனிதர் மேடையில் நின்று, நான் ஒரு அப்பாவி என்று அழுதால் யாருக்குத்தான் மனம் இளகாது? பெண்கள் பக்கத்திலிருந்து "அய்யோ, பாவம்" என்று ஒரு பெருமூச்சு எழுந்தது. வேலைப் பளு என்றார் ஒருவர். சர்க்கரையாக இருக்கும் என்றார் இன்னொருவர்.

தண்ணீர் பாட்டிலோடு முதலில் மேடைக்கு ஓடி வந்தவன் ஷிபு. மூடியைத் திறந்து நீட்டினான்.

"இரிங்க அண்ணா, நான் வாசிச்சு முடிக்கேன். நீங்க பாவம்."

பிரபின் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மைக் திறந்திருந்தது அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, தெரியாது.

"பாவமில்ல ஷிபு. பாபம். நான் செய்தது பாபமாக்கும்." ஒரு மூச்சு விட்டார். "லிஸ்டுல இருந்தது ஷிபு ஆர். நீ ஆர். ஷிபு. ரெண்டும் ஒராளுன்னு நெனச்சு உனக்கு லெட்டர் தந்தேன். ஒம்பதாம் நாளே தெரிஞ்சுது. தெரிஞ்சும் வாய் தொறந்து மிண்டாம இருந்தேன்."

கோயிலில் ஃபேன் மட்டும் சுற்றியது. ஷிபு மிகச் சாதாரணமான குரலில் கேட்டான்.

"அப்போ எனக்க கையில பிழை ஒண்ணுமில்லியா?"

"இல்ல."

ஷிபு பாட்டிலுக்கு மூடியைப் போட்டு, இறுகியதா என்று இரண்டு வாட்டி திருகிப் பார்த்தான்.

"பதினோரு மாசமா உங்ககிட்டத்தான கேட்டேன் அண்ணா."

அவ்வளவுதான் சொன்னான். பாட்டிலை மேடைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்து, மூன்றாவது பெஞ்சைத் தாண்டி, வாசலைத் தாண்டி, குடையை எடுக்காமல் மழையில் போய்விட்டான். அவன் அடித்திருந்தால் பிரபினுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். போதகர் ராஜையன் எழுந்து வந்தார். அச்சடித்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பாவ அறிக்கையைப் பழையபடியே மனப்பாடமாகச் சொன்னார். அன்றைக்கு யாரும் அடுத்த பாட்டைத் தேடவில்லை.

திங்கட்கிழமை காலை பிரபின் மேலிடத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார். முழுதும் சுற்றிவளைக்காத வாக்கியங்கள், ஸ்லைடு இல்லை. கம்பெனி மிகவும் கண்ணியமாக நடந்துகொண்டது. புதன்கிழமை ஷிபுவுக்குப் பழைய கடிதத்தை ரத்துச் செய்து புதுக் கடிதம் போயிற்று, விரும்பினால் திரும்ப வரலாம் என்று. அன்றைக்கே பிரபினுக்கும் ஒரு கடிதம் வந்தது. 'நாம் பிரியவில்லை, வளர்கிறோம்' என்று தொடங்கியது. அந்த வரி அவரே எழுதியது. கூடவே பூந்தொட்டி. கேட்டுவரை கொண்டுவிட்டவர் கொல்லத்துத் தாடிக்காரர். இப்போது அவர் பண்பாட்டுப் பிரிவில் இருக்கிறார்.

ஷிபு வேலைக்குத் திரும்புவதா என்று இன்னும் சொல்லவில்லை. கடிதத்தில் தன் பெயரை 'ஷிபு ஆர்.' என்று போட்டிருக்கிறார்கள், முதலில் அதைத் திருத்தட்டும் என்று பதில் அனுப்பியிருக்கிறானாம். பிரபின் டயர் கடைக்கு மூன்று முறை போனார். மூன்று முறையும் ஷிபு லாரிக்கு அடியில் வேலையாக இருந்தான். நாலாவது முறை, இரிங்க அண்ணா, வாறேன் என்றான். பிரபின் இரண்டு மணி நேரம் அந்தச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உட்கார வைத்ததே பெரிய காரியம் என்று சுசீலாபாய் சொன்னார்.

அவசரக் கூட்டம் போடப்பட்டது. இந்தத் தடவை பதினாலு நாள் முன்னறிவிப்பு முறையாகக் கொடுக்கப்பட்டிருந்தது. பிரபின் செயலாளர் பதவியை ராஜினாமா செய்ய முன்வந்தார். சுசீலாபாய் ஒத்துக்கொள்ளவில்லை.

"பிழையா எழுதினவனே திருத்தி எழுதணும் மக்களே. அதுதான் ரூல். எழுதிட்டுப் போ."

பிரபின் எழுதினார். 'தவிர்க்க முடியாத சூழ்நிலைகளால்' என்று ஆரம்பித்தார். அம்மாள் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். 'நடைமுறையில் ஏற்பட்ட ஒரு வளர்ச்சி' என்று ஆரம்பித்தார். இன்னொரு கோடு. பிரபின் மூன்றாவது தாளை எடுத்து வைத்துவிட்டு, பழம்பொரி ஆறும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே மூச்சில் எழுதி நீட்டினார். அம்மாள் இரண்டு முறை வாசித்து, இனிஷியல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, பேனாவை மூடினார். அந்தத் தீர்மானம் இன்றும் சபைப் பதிவேட்டில் இருக்கிறது:

'சென்ற கூட்டத்தில் பாவம் நீக்கப்பட்டதாக எழுதியது பிழை. நீக்கப்பட்டது ஒரே ஒரு பாவம். பெயர் ஆர். ஷிபு. நீக்கியது நான்.'